99 ரூபாய் ஏலத்தை நம்பாதீர்கள்: என் 7,280 ரூபாய் போன கதை

பழைய கேமரா, வாட்ச், ரேடியோ, நாணயம் என்று இணைய ஏலத்தில் பொருள் எடுக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் போங்கள். 7,280 ரூபாயைக் கட்டிவிட்டு வெறும் கையோடு உட்கார்ந்திருக்கிறேன். நான் ஏலத்தில் ஜெயித்த கேமரா, நான் ஜெயித்த அதே தளத்தில், மறுபடியும் 99 ரூபாயில் தொடங்கி ஏலத்தில் நிற்கிறது. இப்போதுதான் பார்த்தேன். அந்தக் கோபத்திலேயே எழுதுகிறேன், முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தளத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பழைய பொருட்களை மட்டும் ஏலம் விடும் ஒரு இந்திய இணையதளம், செல்போன் செயலியும் உண்டு. ஈபே இந்தியா 2018இல் மூடப்பட்ட பிறகு என்னைப் போன்ற ஆட்கள் இந்த மாதிரி சின்னத் தளங்களையும் வாட்ஸ்அப் குழுக்களையும் நம்பித்தான் காலம் ஓட்டுகிறோம்.

கேமரா, யாஷிகா மேட் 124ஜி. பிலிம் கேமரா பைத்தியங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் இருக்கும், மேல் மூடியைத் திறந்து குனிந்து பார்த்துப் படம் எடுக்க வேண்டும், காட்சி இடவலமாக மாறித் தெரியும். 120 என்கிற அகலமான பிலிம் ரோலில் 12 சதுரப் படம் விழும். 1970இல் வந்தது, எண்பதுகளின் நடுவில் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். நம்மூர் ஸ்டுடியோக்களில் யாஷிகா ஓடாத ஊர் குறைவு. இன்று நல்ல நிலையில் உள்ள ஒன்றுக்கு, நான் விசாரித்த வரையில், பதினைந்தாயிரத்துக்குக் குறைந்து யாரும் வாய் திறப்பதில்லை.

ஏலம் 99 ரூபாயில் தொடங்கியது. ரிசர்வ் விலை இல்லை என்று பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இது முக்கியம், கவனியுங்கள். 'இந்த விலைக்குக் கீழே போனால் தரமாட்டேன்' என்று விற்பவர் முன்கூட்டியே வைத்துக்கொள்ள அந்தத் தளத்தில் வசதி உண்டு. அதற்குத் தனிக் கட்டணம். 99 ரூபாயில் தொடங்கினால் கட்டணமும் இல்லை, பட்டியலில் மேலேயும் காட்டுவார்கள். கேமராவை விற்றவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணிக்கு முடிவு. அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச். கூட்டமே இல்லை. ஒரே ஒரு கணக்குதான் என்னை 6,200 வரை துரத்தியது. நான் 6,300 போட்டேன். அதற்கப்புறம் அதுவும் காணாமல் போய்விட்டது. மணி பத்து அடித்ததும் 'வாழ்த்துகள், ஏலம் உங்களுக்கே' என்று மின்னஞ்சல் வந்தது. 6,300, அதன் மேல் தளத்துக்கான பத்து சதவீதம் 630, கூரியர் 350. மொத்தம் 7,280. இரண்டு நாளுக்குள் கட்டாவிட்டால் என் கணக்கை முடக்கிவிடுவார்களாம்.

மறுநாள் காலையில் விற்றவரே போன் செய்தார். கொங்குப் பக்கத்துப் பேச்சு, அவ்வளவு பதவிசு.

"அண்ணே, நீங்கதான் எடுத்திருக்கீங்க. சந்தோசம்ங்க. எங்கப்பா ஸ்டுடியோ வெச்சிருந்தாருங்க, அவரோட கேமரா. அவர் போய் ரெண்டு வருசமாச்சு. சும்மா பீரோல கெடக்கறதுக்கு, படம் எடுக்கறவங்க கைக்குப் போனாப் போதும்ங்க."

என்ன பிலிம் போடுவீர்கள் என்று கேட்டார். கறுப்பு வெள்ளை, வீட்டிலேயே கழுவுவேன் என்றேன். அப்பாவும் ராத்திரியில்தான் கழுவுவார், பிலிம் கழுவும் ஹைப்போ மருந்தின் வாசனை வீடு முழுக்க அடிக்கும் என்றார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, அதன் மேல் பபிள் கவர் போட்டு அனுப்புகிறேன், பணம் வந்துவிட்டால் இன்றைக்கே பேக்கிங் என்றார். ஹைப்போ வாசனையைப் பற்றிப் பேசுகிற ஒருவர் ஏமாற்றுவார் என்று எந்த மனிதனுக்குத் தோன்றும்? போனை வைத்த கையோடு யுபிஐயில் 7,280 ரூபாயைத் தளத்துக்கு அனுப்பினேன்.

அப்புறம் தொடங்கியது நாடகம். முதலில் கூரியர் ஆபீஸ் லீவு. அடுத்து, பையன் கீழே போட்டுவிட்டான், சட்டர் மாட்டிக்கொண்டது, கேன்சல் செய்துவிடலாமா? நான் விடவில்லை. சட்டர் மாட்டினால் பரவாயில்லை, அப்படியே அனுப்புங்கள், ரிப்பேர் செய்ய எனக்கு ஆள் இருக்கிறது என்றேன். ஒரு நாள் பேச்சே இல்லை. பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு: "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க, அப்பா விக்கக்கூடாதுன்னு ஒரே பிடிவாதமா இருக்காருங்க."

இரண்டு வருடத்துக்கு முன் போய்ச் சேர்ந்த அப்பா!

அதைக் கேட்டதும்தான் நேரடியாகக் கேட்டேன், என்னதான் விஷயம் என்று. கடைசியில் உண்மை வந்தது. "இந்த ரேட்டுக்குக் கட்டுப்படி ஆகாதுங்கண்ணே. இன்னொரு ஏழாயிரம் எனக்குத் தனியா ஜீபே பண்ணீங்கன்னா நாளைக்கே அனுப்பறேன்." முடியாது என்றேன். கட்டுப்படி ஆகாத விலைக்கு விடாமல் இருக்கத்தானே ரிசர்வ் என்று ஒன்று இருக்கிறது? அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடித்துவிட்டு, ஏலம் கம்மியாகப் போனதும் நஷ்டத்தை என் தலையில் கட்டுவதா?

இதன் பிறகு நடந்ததுதான் சாமர்த்தியம். தளத்தில் என் ஆர்டர் 'அனுப்பப்பட்டது' என்று மாறியது, கூரியர் எண்ணுடன். ஆள் மனம் மாறிவிட்டார் என்று கூட நினைத்தேன். அடுத்த நாளே 'டெலிவரி ஆகிவிட்டது' என்று வந்தது. என் வீட்டு வாசலுக்கு யாருமே வரவில்லை. கூரியர் கிளைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி நல்ல பையன், எண்ணைத் தட்டிப் பார்த்துத் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். எடை: 100 கிராம். வகை: கவர். நான் இருப்பது திருச்சி உறையூர், 620003. கவர் போய்ச் சேர்ந்தது ஸ்ரீரங்கம், 620006, வேறு யாரோ பெயரில். அந்தக் கேமரா லென்ஸ் மூடி இல்லாமலேயே ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அதே ஊருக்கு ஏதோ ஒரு கவரை அனுப்பிவிட்டு அந்த எண்ணை என் ஆர்டரில் போட்டிருக்கிறார். தளம் ஊரை மட்டும் பார்க்கும், 'டெலிவர்டு' என்று வந்ததும் பணத்தை விடுவித்துவிடும். என் 7,280 ரூபாயில் அவர் பங்கு அவருக்கு, தளத்தின் 630 தளத்துக்கு.

தளத்தின் வாடிக்கையாளர் சேவையைப் பற்றி எழுதினால் இன்னொரு பதிவு வேண்டும். முதலில் ஒரு ரோபோ. நான் என்ன கேட்டாலும் 'உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது' என்றது. அப்புறம் மனிதர்கள், அவர்களுக்கும் ரோபோவுக்கும் அதிக வித்தியாசமில்லை. கூரியர் திரையின் போட்டோ, குரல் பதிவு, ஏழாயிரம் கேட்ட செய்தி, எல்லாம் அனுப்பினேன். 'எங்கள் பதிவுகளின்படி பொருள் சேர்க்கப்பட்டுவிட்டது. தளத்துக்கு வெளியே நடந்த உரையாடலுக்கு நாங்கள் பொறுப்பில்லை. உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்.' புகாரை முடித்துவிட்டு, சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று வேறு கேட்கிறார்கள். மறுபடி போன் செய்தால், 'நாங்கள் வெறும் இடைநிலைத் தளம் சார், விற்பவரிடம் பேசிக்கொள்ளுங்கள்.' விற்பவர் என்னை பிளாக் செய்து நாளாகிறது.

வாங்குகிறவன் இரண்டு நாள் தாமதித்தால் கணக்கு முடக்கம். விற்கிறவன் ஏலம் முடிந்த பிறகு மறுத்தால், ஏய்த்தால், ஒன்றுமே இல்லை. இந்த விதியை வைத்துக்கொண்டு இதற்கு ஏலம் என்று பெயர். விற்பவருக்கு 99 ரூபாய் என்பது வலையில் போட்ட பொரி. விலை ஏறினால் விற்பனை, ஏறாவிட்டால் பையன் கீழே போட்டுவிடுவான்.

இன்று மறுபடி ஏலத்தில் வந்திருப்பது வேறு கேமரா இல்லையா என்று கேட்பீர்கள். தோல் உறையின் மூடிக்கு உள்ளே நீல மையில் '17' என்று எழுதியிருக்கும். பழைய படத்திலும் இருந்தது, புதுப் படத்திலும் இருக்கிறது. அது போதாது என்றால், இப்போது விலையை ஏற்றிக்கொண்டிருக்கும் கணக்கைப் பாருங்கள். அன்றைக்கு என்னை 6,200 வரை துரத்திய அதே கணக்கு. மதிப்புரை பூஜ்யம். ஏலம் கேட்டதெல்லாம் இந்த ஒரு விற்பவரின் பொருட்களுக்கு மட்டும். விலையை ஏற்ற விற்பவரே வைத்த ஆள் என்றுதான் எனக்குப் படுகிறது. இப்போது 11,000இல் நிற்கிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை மேட்ச் பார்க்கப் போய்விட்டது போலிருக்கிறது, அதனால்தான் நான் ஜெயித்தேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டேன். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 64ஆம் பிரிவு. சுத்தியல் விழுந்ததும், அல்லது வழக்கமான வேறு முறையில் அறிவித்ததும், ஏல விற்பனை முடிந்தது. விற்பவர் தானும் கேட்பேன் என்று முன்பே வெளிப்படையாகச் சொல்லாமல், தானோ தன் ஆளை வைத்தோ ஏலம் கேட்பது சட்டவிரோதம், அப்படி நடந்த விற்பனையை வாங்குபவர் மோசடியாகவே கருதலாம். 'வாழ்த்துகள்' மின்னஞ்சல் வந்த நிமிடமே சுத்தியல் விழுந்தாயிற்று என்பதுதான் என் வாதம். ஜெர்மனியில் ஒருவர் ஈபேயில் தன் பழைய பசாட் காரை 1 யூரோவில் ஏலத்துக்கு விட்டுவிட்டு, வெளியே ஆள் கிடைத்ததும் பாதியில் ரத்து செய்தார். அப்போது ஏலம் கேட்டிருந்தவர் ஒரே ஒருவர், 1 யூரோவுக்கு. 2014 நவம்பரில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், காரின் மதிப்பான 5,250 யூரோவில் அந்த 1 யூரோவைக் கழித்து மீதியைக் கொடு என்று சொல்லிவிட்டது. நான் 1 ரூபாய்க்குக் கூடக் கேட்கவில்லை சாமி, 6,300 கொடுத்தேன்.

1915க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் தனியாக எழுதியிருக்கிறேன். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

எப்படி ஜாக்கிரதையாக இருப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. ஏலம் கேட்டவர்களின் பட்டியலைத் திறந்து பாருங்கள், ஒரே விற்பவரை மட்டும் சுற்றும் பூஜ்யக் கணக்கு இருந்தால் விலகிவிடுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு ரூபாய் கூட அனுப்பாதீர்கள். கூரியர் எண் வந்த உடனேயே எடையையும் பின்கோடையும் கிளையில் கேளுங்கள், டெலிவரி ஆகும் வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ரிசர்வ் இல்லை என்ற வரியோடு சேர்த்து.

இதே தளத்தில் இதே மாதிரி மாட்டியவர்கள் இருந்தால் எழுதுங்கள், சேர்ந்தே மனு போடலாம். இப்போது செயலியில் மணி அடித்தது, திறந்து பார்த்தேன். 'நீங்கள் விரும்பிய பொருள் மீண்டும் ஏலத்தில்! முந்துங்கள்!' என்று அந்தக் கேமராவையே எனக்கு விளம்பரம் அனுப்பியிருக்கிறார்கள்.