விக்கியா, கிட்டா? பயனர்கள் எழுதித் தரும் ஆவணங்களை எங்கே வைப்பது

கட்டற்ற மென்பொருள் ஒன்றுக்கு ஆவணம் எழுதித் தரப் பயனர்கள் முன்வந்தால், அதை வைக்கப் பெரும்பாலும் இரண்டு இடங்கள்தான் பேசப்படுகின்றன. ஒன்று, யார் வேண்டுமானாலும் உடனே திருத்தக்கூடிய விக்கி. மற்றொன்று, நிரலைப் போலவே ஆவணத்தையும் கிட்டில் (கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிவு செய்யும் கருவி) வைத்து, புல் ரெக்வெஸ்ட் (தன் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பும் கோரிக்கை) வழியே மட்டும் மாற்றங்களை ஏற்பது. விக்கி பழைய முறை, கிட் புதிய முறை என்று எண்ணி முடிவெடுப்பவர்கள் உண்டு. நான் முதலில் கேட்பது வேறு: அந்த மென்பொருளின் எத்தனை பதிப்புகள் ஒரே சமயத்தில் புழக்கத்தில் இருக்கின்றன?

ஆர்ச் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை எடுத்துக்கொள்வோம். அதில் பதிப்பு எண்ணே கிடையாது. புதுப்பிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். கணினியை ஒழுங்காகப் புதுப்பிக்கும் எல்லோரிடமும் ஏறத்தாழ ஒரே மென்பொருள்தான் இருக்கும். ஆகவே விக்கிப் பக்கத்தில் இன்று செய்த திருத்தம் அனைவருக்கும் பொருந்தும். ஆர்ச் விக்கி இவ்வளவு சிறந்து விளங்க இது ஒரு பெரிய காரணம் என்பேன். டெபியன், ஃபெடோரா போன்ற வேறு லினக்ஸ் இயங்குதளங்களைப் பயன்படுத்துவோரும் அங்கே போய்த்தான் விடை தேடுகிறார்கள். எழுத்து நடைக்கு விதிகள் வைத்திருக்கிறார்கள். ஒரு பகுதி காலாவதியாகிவிட்டால், அதன் தலையிலேயே எச்சரிக்கைப் பட்டை ஒட்டப்படும். திருத்த நேரமில்லாதவர்கூட "இது பழையது" என்று அடுத்தவரை எச்சரித்துவிட்டுப் போகலாம். கிட்டில் இவ்வளவு எளிதாக இதைச் செய்ய முடியாது.

வலைத்தளங்களை உருவாக்க உதவும் ஜாங்கோ என்ற மென்பொருளின் நிலை நேர்மாறானது. அதன் எல்.டி.எஸ். (நீண்டகால ஆதரவு) பதிப்பு ஒவ்வொன்றுக்கும் வழக்கமாக 3 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தங்கள் வருகின்றன. ஒருவர் பழைய எல்.டி.எஸ்.ஸில் நிற்பார், இன்னொருவர் போன வாரம் வந்ததில் இருப்பார். ஒரே விக்கிப் பக்கம் இருவருக்கும் உண்மை சொல்ல வேண்டுமானால், "இந்தப் பதிப்பு என்றால் இப்படி, அந்தப் பதிப்பு என்றால் அப்படி" என்று வளர்ந்து படிக்க முடியாததாகிவிடும். ஜாங்கோவில் ஆவணம் நிரலோடு ஒரே களஞ்சியத்தில் (கிட் கோப்புகளை வைக்கும் இடம்) இருக்கிறது. பதிப்புக்கொரு கிளை (தனியே வளரும் நகல்) பிரியும்போது ஆவணமும் கூடவே பிரிகிறது. புதிய வசதியைச் சேர்ப்பவர் அதற்கான ஆவணத்தையும் சேர்த்தே தர வேண்டும். வேறு எந்த ஏற்பாட்டையும்விட நான் மதிப்பது இந்த விதியைத்தான். செய்தவருக்கே எல்லாம் நினைவில் இருக்கும் நேரத்தில் எழுதி வாங்கிவிடுகிறார்கள்.

இரண்டு முறைகளிலும் வாழ்ந்து பார்த்தது எம்.டி.என். ஃபயர்ஃபாக்ஸ் உலாவியை உருவாக்கும் மொஸில்லாவின் இந்த வலைத் தொழில்நுட்ப ஆவணம் 2005 முதல் விக்கியாகவே வளர்ந்தது. திருத்தம் உடனே வெளியாகும், சரிபார்ப்பது அதன் பிறகுதான். எரிதங்களும் (வேண்டாத விளம்பரங்கள்) தவறுகளும் வெளியான பின்பே அகற்றப்பட்டன. 2020 ஆகஸ்டில் மொஸில்லா பெரிய அளவில் ஆட்குறைப்பு செய்தபோது எம்.டி.என். எழுத்தாளர் குழுவும் பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் உள்ளடக்கம் முழுவதும் கிட் களஞ்சியங்களை வைக்கும் கிட்ஹப் தளத்துக்குப் போனது. 2021 தொடக்கத்தில் உருவான ஓப்பன் வெப் டாக்ஸ் என்ற கூட்டமைப்பும் அதைப் பராமரிக்கக் கைகொடுத்தது. ஆனால் நான் அதிகம் கற்றுக்கொண்டது இந்த இடமாற்றத்துக்கு முன்பே அவர்கள் செய்த ஒரு வேலையிலிருந்து. எந்த உலாவி எந்த வசதியை எந்தப் பதிப்பிலிருந்து ஆதரிக்கிறது என்ற அட்டவணைகள் முன்பு பக்கத்துக்குப் பக்கம் கையால் எழுதப்பட்டிருந்தன. அவற்றைப் பிரித்து ஜேசன் (கணினி எளிதில் படிக்கும் தரவு வடிவம்) கோப்புகளாகத் தனிக் களஞ்சியத்தில் வைத்தார்கள். ஒரு தகவலை ஓரிடத்தில் திருத்தினால் போதும். நிரல் எழுத உதவும் வி.எஸ். கோட் போன்ற வெளிக் கருவிகளும் அதையே எடுத்துக்கொள்கின்றன. நடையும் விளக்கமும் தேவைப்படுவதை உரையாக வையுங்கள், மெய்த்தரவைத் தரவாக வையுங்கள். விக்கி என்றாலும் கிட் என்றாலும் இது பொருந்தும்.

கிட்டின் பலவீனம் காத்திருப்பு. ஓர் எழுத்துப்பிழையைத் திருத்த வந்தவர் கணக்குத் தொடங்கி, ஃபோர்க் (களஞ்சியத்தின் சொந்த நகல்) எடுத்து, புல் ரெக்வெஸ்ட் அனுப்பி, பதிலே வராமல் வாரக்கணக்கில் காத்திருந்தால் மறுபடி வரமாட்டார். பக்கத்துக்குப் பக்கம் "இதைத் திருத்து" என்று இணைப்பு வைப்பது நுழைவைத்தான் எளிதாக்கும், பதிலைத் தராது. சரிபார்க்க ஆளில்லாத கிட்டைவிட ஆளிருக்கும் விக்கி எவ்வளவோ மேல்.

பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் கையேட்டில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. பக்கத்தின் கீழேயே பயனர்கள் குறிப்பு எழுதலாம். நுழைவு மிக எளிது. கேடும் அங்கேயே இருக்கிறது: நல்ல குறிப்பை எடுத்து மேலே உள்ள கையேட்டில் சேர்க்க யாராவது உட்கார வேண்டும். இல்லையென்றால் 20 ஆண்டுப் பழைய ஆலோசனை புதுப் பயனரின் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும்.

காப்பு நகல் விஷயத்தில் கிட் தானாகவே முந்துகிறது. 2008-இல் ஜென்டூ லினக்ஸுக்காகப் பயனர்கள் நடத்திய விக்கியின் தரவு சரியான நகல் இல்லாமல் அழிந்தது. தேடுபொறிகள் சேமித்து வைத்திருந்த பக்கங்களிலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியதாயிற்று. கிட் களஞ்சியத்தை முழுதாகக் குளோன் செய்த (தன் கணினிக்கு நகலெடுத்த) ஒவ்வொருவரிடமும் மொத்த வரலாறும் இருக்கும்.

மொழிபெயர்ப்பு என்று வந்தால் எனக்குத் தயக்கமே இல்லை, கிட்தான். விக்கியில் மூலப் பக்கம் மாறினால், மொழிபெயர்த்த பக்கம் சத்தமில்லாமல் பின்தங்கிவிடும். ஜாங்கோ போல ஸ்பிங்க்ஸ் என்ற ஆவணக் கருவியும் கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கருவியும் பயன்படுத்தினால், மூலத்தில் எந்தப் பத்தி மாறியது என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தனியே தெரியும். அதை மட்டும் திருத்தினால் போதும்.

ஆக, பல பதிப்புகள் புழங்கும் மென்பொருளுக்கு நான் கிட்டைப் பரிந்துரைக்கிறேன். கூடவே ஒரு நிபந்தனை: ஆவணத்தை மட்டும் ஏற்க அனுமதி பெற்றவர்கள் தனியாக இருக்க வேண்டும். நிரல் எழுதுபவர்களின் ஓய்வுக்காக அது காத்துக் கிடக்கக் கூடாது. செயலிகளைப் பல கணினிகளில் இயக்கி நிர்வகிக்க உதவும் குபர்னெட்டீஸ் இதை மொழிவாரியாகச் செய்கிறது. இந்தி, வங்காளம் என ஒவ்வொரு மொழிக்கும் தனிக் கோப்புறை, அதை ஏற்க அந்தந்த மொழிக் குழுவுக்கே அதிகாரம். தன் புல் ரெக்வெஸ்டைத் தானே ஏற்க முடியாது என்பதால், புதிய மொழி ஒன்றைத் தொடங்கக் குறைந்தது இருவர் வேண்டும் என்று கேட்கிறார்கள்.