பேபி கேரியரும் ஹட்டன் படிக்கட்டுகளும்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பிந்தைய மதிப்பீடு

திருச்சியிலிருந்து விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்த ஸ்ட்ரோலர், இலங்கை மலைநாட்டின் ஹட்டனில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் ஒன்றரை ஆண்டாகக் கிடக்கிறது. இப்போது அதில் உருளைக்கிழங்கும் லீக்ஸும் வைத்திருக்கிறோம். வீட்டு வாசலிலிருந்து பிரதான வீதிக்கு இறங்க 63 படிகள் உண்டு. அவற்றில் எந்த இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை. படிகள் முடிந்த இடத்திலும் நடைபாதை என்று சொல்லத்தக்க ஒன்று தொடங்குவதில்லை. ஒரு பக்கம் மழைநீர்க் கால்வாய், மறுபக்கம் வளைவில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் பஸ். கணவரின் வேலை நிமித்தம் இங்கு வந்தபோது எங்கள் மகனுக்கு 8 மாதம். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே, மேடும் பள்ளமும் தவிர வேறொன்றும் அறியாத ஊரில், சிறிய பிளாஸ்டிக் சக்கரங்களை நம்பி வந்தது எங்கள் அறியாமையே.

எனவே அவனுக்கு 13 மாதமானபோது, கண்டியிலிருந்து ஊரைக் காலிசெய்து புறப்பட்ட ஒரு குடும்பத்திடமிருந்து, அலுமினியச் சட்டகம் வைத்த பேபி கேரியர் ஒன்றை 24,000 ரூபாய்க்கு வாங்கினோம். மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டும் பையின் உருவம்தான். நடுவில் துணிகளுக்கு இருக்கும் இடத்தில் குழந்தைக்கு ஓர் இருக்கை, இரு தோளிலும் இடுப்பிலும் கால்களுக்கு நடுவிலும் அதைப் பிடித்துக்கொள்ளும் பட்டைகள், தலைக்கு மேல் மடக்கக்கூடிய சிறிய கூரை, தரையில் நிறுத்தி வைக்க ஒரு தாங்கு கால். வெறும் பையின் எடையே 3 கிலோ. குழந்தையும் சாமானும் சேர்த்து 20 கிலோவுக்கு மேற்படக் கூடாது என்று அதன் உட்புறத் துணியில் அச்சிட்டிருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களின் சட்டகக் கேரியர்களும் இதே அமைப்பில்தான் வருகின்றன என்பதால் இந்த மதிப்பீடு அந்த வகை முழுமைக்கும் பொருந்தும்.

முதலில் அதன் மிகப் பெரிய நிறையைச் சொல்லிவிடுகிறேன். இடுப்புப் பட்டையைச் சரியாக, அதாவது இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் அமரும்படி இறுக்கினால், பாரத்தின் பெரும்பகுதி தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. இதை நான் எந்தக் குறிப்பேட்டிலும் படித்து நம்பவில்லை. பக்கத்து வீட்டு அம்மாயி சொல்லி நம்பினேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றவர் அவர். அவருடைய முன்னோர் துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்களாம். அதனால்தானோ என்னவோ, திருச்சியில் என் பாட்டியை அழைத்த அதே சொல்லால் இங்கே என் மகன் இவரை அழைக்கிறான். நான் முதல்முறை கேரியரை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, "என்னா மகளே, புள்ளைய நாக்காலியோட தூக்கிக்கிட்டு எங்க போற?" என்று கேட்டவர், மாலையில் அதைத் தானே மாட்டிப் பார்க்க வேண்டும் என்றார். பையனை உள்ளே உட்கார வைத்து, பட்டையை இறுக்கிவிட்டேன். முற்றத்தில் இரண்டு முறை ஏறி இறங்கி நடந்த பின், "பாரமெல்லாம் இடுப்புல நிக்குது. எங்களுக்கு உச்சந்தலையில நின்னுச்சு" என்றார். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிடுவது இங்குள்ள வழக்கம். அந்தக் கயிறு பதிந்த இடத்தில் முடி மெலிந்திருப்பதை அன்றுதான் குனிந்து காட்டினார். கேரியர் குறித்து எனக்குக் கிடைத்த மிக நம்பகமான தொழில்நுட்பக் கருத்து அதுதான்.

இருவர் மாற்றி மாற்றிச் சுமக்கும் வீட்டில் கவனிக்க வேண்டிய ஒன்று, முதுகுப் பகுதியின் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி. என் கணவர் என்னைவிட ஏறக்குறைய ஓரடி உயரம். எங்கள் கேரியரில் ஒட்டும் பட்டையைப் பிரித்து, மேலேற்றி, மறுபடி ஒட்ட வேண்டும். வீட்டில் இது அரை நிமிட வேலை, வழியில் மழை தொடங்கிய பின் அப்படியல்ல. அந்த ஒரு காரணத்தால் பல நாட்களில் புறப்பட்டவரே கடைசிவரை சுமக்கிறோம். யார் புறப்படுவது என்பது வீட்டிலேயே பேசி முடிக்கப்படும் சிக்கலான விவகாரம்.

குழந்தையின் அமர்வு நிலை நன்றாகவே இருக்கிறது. தொடைகள் முழுவதும் இருக்கையில் தாங்கப்பட்டு, முழங்கால்கள் இடுப்பைவிடச் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்பதே இடுப்பு மூட்டுக்கு நல்லதாகச் சொல்லப்படும் நிலை; பாதங்களை வைக்கும் வளையங்களைச் சரியான உயரத்தில் கட்டினால் அது கைகூடுகிறது. ஆனால் தாமாக நிமிர்ந்து உட்காராத குழந்தைகளுக்கு இது உகந்ததல்ல. அந்த வயதில் அம்மாயி சொன்ன ஏணையே, அதாவது துணித் தொட்டிலே, போதும், அல்லது உடலோடு அணைத்துக் கட்டும் துணிக் கேரியர். தூங்கிவிடும்போது தலை முன்னால் சரிவதும் ஒரு குறை. கன்னத்துக்கு என்று வைத்திருக்கும் மெத்தைப்பகுதி உறுதியாக இல்லை. நாங்கள் ஒரு துவாயைச் சுருட்டி வைக்கிறோம்.

தாங்கு கால்தான் இந்தப் பொருளைச் சமவெளியில் வாழும் ஒருவர் வடிவமைத்தார் என்பதைக் காட்டிக்கொடுக்கிறது. மட்டமான தரையில் அது உறுதியாக நிற்கும். மலைநாட்டில் மட்டமான தரையை எங்கே தேடுவது? ஒருமுறை தேயிலை மலையோரப் பாதையில் பிள்ளையை உள்ளே வைத்துப் பட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது சட்டகம் பின்னால் சாயத் தொடங்கியது. என் முழங்கால் அதற்கு முட்டுக்கொடுத்திருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்று முதல் ஒருவர் பிடிக்க ஒருவர் ஏற்றுவது என்ற விதியை மீறுவதில்லை. தனியாக வெளியே செல்லும் நாட்களில் வாசல் திண்ணையில் வைத்தே ஏற்றிக்கொள்கிறேன். திரும்பி வரும்வரை இறக்குவதில்லை.

இறக்குவதில்லை என்று நான் எழுதுவதற்கும் இரண்டு வயதுப் பிள்ளை அதை ஒப்புக்கொள்வதற்கும் இடையே பெரிய தூரம் உண்டு. ஒன்றரை வயதுக்குப் பிறகு அவன் இருபது அடி நடப்பான், தூக்கச் சொல்வான், ஒரு நாயைக் கண்டால் மறுபடி இறங்க வேண்டும் என்பான். ஒவ்வொரு முறையும் கேரியரைக் கழற்றி, நிறுத்தி, பட்டைகளை விடுவித்து, மீண்டும் மாட்டுவதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகிறது. கடைத்தெருவுக்குச் சென்று பாணும் முட்டையும் வாங்கி வர இது வேண்டாத ஆடம்பரம். நீண்ட நடைக்கு மட்டுமே இதன் பெறுமதி விளங்கும்.

அப்படி விளங்கிய நாள் ஹோர்ட்டன் சமவெளிக்குச் சென்ற நாள். அதிகாலை 4 மணிக்கு வேனில் புறப்பட்டு, நுவரெலியா, பட்டிப்பொல வழியாகச் சென்றோம். சமவெளி 2,100 மீட்டர் அளவிலான உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் விடியற்காலையில் அங்கே புல்லில் உறைபனி படிவதும் உண்டு. காலை 10 மணியளவில் பெரும்பாலும் மூடுபனி ஏறி, உலக முடிவு (World's End) என்ற செங்குத்துப் பாறை விளிம்பின் காட்சியை மறைத்துவிடும் என்பதால், பிள்ளை தூக்கத்தில் இருக்கும்போதே நடக்கத் தொடங்க வேண்டும். பொலித்தீனை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். பிஸ்கட்டை வீட்டிலேயே எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றிக் கேரியரின் கீழ் அறையில் வைத்தேன். ஒன்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடிய அந்தச் சுற்றுப்பாதை முழுவதையும், கல்லும் வேரும் சேறுமாக, ஐந்து மணி நேரத்தில் முடித்தோம். என் கணவரின் தோள் வலிக்கவில்லை. மறுநாள் தொடைதான் வலித்தது.

ஆனால் அங்கேதான் இந்தப் பொருளின் உண்மையான ஆபத்தையும் கண்டோம். சுமப்பவர் ஏற்றத்தில் வியர்த்துக்கொட்டி ஸ்வெட்டரைக் கழற்றுகிறார். பின்னால் இருப்பவனோ ஒரு மணி நேரமாக அசையாமல் உட்கார்ந்து காற்றை வாங்கிக்கொண்டிருக்கிறான். நமக்கு வெக்கையாக இருப்பதால் அவனுக்கும் அப்படியே என்று நினைத்துவிடுவது மிக எளிது. பின்னால் நடந்துவந்த நான் அவன் காலைத் தொட்டபோது அது பனிக்கட்டிபோல் இருந்தது. அதைவிட மோசம், ஒரு கால் வெறும் காலாக இருந்தது. தொங்கும் கால்களிலிருந்து சப்பாத்து எப்போது நழுவியது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குப் பின்னால் வந்த பல்கலைக்கழக மாணவர் குழு ஒன்று அதை ஒரு குச்சியில் மாட்டிக் கொடிபோல் ஏந்திக்கொண்டு வந்தது. இப்போது சப்பாத்துகளைக் கயிற்றால் சட்டகத்தோடு கட்டிவிடுகிறோம். காலுறைக்கு மேல் முழங்கால்வரை இன்னொரு கம்பளி உறை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையால் தொட்டுப் பார்ப்பது கட்டாயம். உலக முடிவின் விளிம்பில், எண்ணூறு மீட்டருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் பாறைக்கு அருகே, கேரியரோடு நிற்கவே கூடாது என்பது என் கருத்து. பிள்ளை ஒரு பக்கமாகத் திடீரென்று சாய்ந்தால் நம் உடலும் அந்தப் பக்கம் இழுபடும். குனியும்போதும் கவனம் வேண்டும். நம் தலைக்குத் தப்பிய கிளை அவன் நெற்றியில் படும்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூரை வெயிலுக்கு மட்டுமே. மழை உறை தனியாக வாங்க வேண்டும். அதையும் ஹட்டனில் மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் தென்மேற்குப் பருவ மழை ஒரு மணி நேரத்தில் தோற்கடித்துவிடும். தரையில் நிறுத்திவிட்டு எடுக்கும்போது அடிப்பகுதித் துணியில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வாகனங்களில் இதன் நிலை வேறு. இது கார் இருக்கை அல்ல. ஓடும் வாகனத்தில் பிள்ளையை இதில் வைத்திருப்பது பாதுகாப்பானதும் அல்ல. முச்சக்கர வண்டியில் இதை மடித்துக் காலடியில் வைத்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. ரயிலில் பரவாயில்லை. ஹட்டனில் ஏறி நானுஓயாவில் இறங்கும் பயணத்தில் இருக்கைகளுக்கு மேலுள்ள தட்டில் அது அடங்கிவிட்டது. அந்தப் பாதையில், கொட்டகலையை அடைவதற்குள், அரைக் கிலோமீட்டருக்கும் கூடிய நீளமுள்ள சிங்கமலைச் சுரங்கம் வருகிறது. இருட்டியவுடன் பெட்டியிலிருந்த இளைஞர்கள் எல்லோரும் கூவ, என் மகனும் கூவினான், வெளிச்சம் வந்த பிறகும் நிறுத்தவில்லை. கதவோரம் நின்று காற்று வாங்குவது இந்தப் பாதையின் வழக்கம் என்றாலும், முதுகில் பிள்ளையோடு அப்படி நின்ற ஒருவரை அன்று பார்த்தேன். நம் முதுகிலிருக்கும் பிள்ளை வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியாது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஸ்ட்ரோலருக்கும் நியாயம் செய்ய வேண்டும். உருளைக்கிழங்கை இறக்கிவிட்டு ஒருமுறை அதைப் பேராதனை தாவரவியல் பூங்காவுக்குக் கொண்டுசென்றோம். மகாவலி வளைத்துக்கொண்டு ஓடும் 147 ஏக்கர். உள்ளே தார் இட்ட அகலமான பாதைகள். இருபுறமும் அரச பனைகள் வரிசையாக நிற்கும் சாலையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. அங்கே கேரியரை மாட்டியிருந்தால் வெப்பத்தில் முதுகும் அவன் வயிறும் நனைந்திருக்கும். கண்டிப் பக்கம் ஹட்டனைவிட ஏறத்தாழ 800 மீட்டர் தாழ்வானது, அந்த வேறுபாடு சட்டையில் தெரிகிறது.

ஒரே ஒரு மனக்குறை உண்டு. பத்தாவது மாதத்தில் நெஞ்சுப் பட்டையின் கொளுவி உடைந்தது. நெஞ்சுப் பட்டை இல்லாமல் தோள் பட்டைகள் வெளிப்புறமாக வழுக்குகின்றன. நடக்கலாம், படி இறங்க முடியாது. இந்த நிறுவனத்தின் பொருள்களை விற்கும் கொழும்புக் கடை ஒன்றுக்கு இரண்டு முறை அழைத்தேன். உதிரிப்பாகம் தருவதில்லை, புதியது வாங்குங்கள் என்ற பதிலை இரண்டு முறையும் ஒரே குரல் சொன்னது. அந்தக் கொளுவியின் பெறுமதி, முழுப் பொருளின் விலையில் நூற்றில் ஒரு பங்குகூட இராது. கடைசியில் ஹட்டன் கடைத்தெருவில் பாடசாலைப் பைகள் தைக்கும் தையற்காரர், பழைய பையொன்றின் கொளுவியை வெட்டியெடுத்து, இரட்டைத் தையல் போட்டு, 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். நான்கு மாதமாகப் பிடித்து நிற்கிறது. குழந்தையை நேரடியாகத் தாங்கும் உட்பட்டை ஏதாவது அறுந்திருந்தால் இப்படித் தைத்துப் பயன்படுத்தியிருக்க மாட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

கிளினிக்கில் கடந்த மாதம் நிறுத்தபோது மகன் 11.6 கிலோ. கேரியரும் தண்ணீரும் மாற்றுடையும் சேர்த்தால் 16 கிலோவைத் தொடுகிறது. அச்சிட்ட எல்லைக்கு இன்னும் இடமிருந்தாலும், என் முழங்கால்களின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடும் போலிருக்கிறது. மலைநாட்டில் ஒரு வயது முதல் மூன்று வயதுவரையுள்ள பிள்ளையோடு, மாதம் ஒருமுறையாவது நீண்ட நடை செல்லும் குடும்பத்துக்கு இதை வாங்கச் சொல்வேன். மற்றவர்களுக்கு இரவல் வாங்கிக்கொள்ளச் சொல்வேன். பழையதாக வாங்குகிறவர்கள் இடுப்புப் பட்டையின் தையலையும் எல்லாக் கொளுவிகளையும் பத்து முறை மாட்டிக் கழற்றிப் பார்த்து, தாங்கு காலை விற்பவரின் வாசற்படியில் அல்லாமல் ஒரு சரிவில் நிறுத்திப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும்.