டுரின் எகிப்திய அருங்காட்சியகம்: அரசர்களின் கல்லும் கைவினைஞர்களின் வீடும்

பாரோக்கள் என்னும் பண்டைய அரசர்கள் காலத்து எகிப்தின் கலைப்பொருள்களை எகிப்துக்கு வெளியே ஓரிடத்தில் நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு, இத்தாலியின் வடமேற்கிலுள்ள டுரின் நகரைத்தான் நான் முதலில் சொல்வேன். லண்டனிலும் பாரிஸிலும் உள்ள எகிப்தியத் தொகுப்புகள் பெரியவை என்றாலும், அவை அங்கே மிகப் பெரிய அருங்காட்சியகங்களின் ஒரு பகுதியாகவே இருக்கின்றன. டுரினில் 17ஆம் நூற்றாண்டு மாளிகை ஒன்று முழுவதுமே எகிப்துக்காக இருக்கிறது. எகிப்தில் பிரான்ஸின் தூதராக இருந்த பெர்னார்தினோ ட்ரொவெத்தி திரட்டிய ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களை, சவோய் மரபின் அரசர் கார்லோ பெலிச்சே 1824இல் விலைக்கு வாங்கியதிலிருந்து தொடங்கிய இந்தத் தொகுப்பில் இன்று ஏறத்தாழ 40,000 பொருள்கள் உள்ளன.

எண்ணிக்கையை வைத்து நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. பெரும்பாலான எகிப்தியக் காட்சிக்கூடங்களில் நாம் காண்பது அரசர்களையும் தெய்வங்களையும் மம்மிகளையும்தான். அந்தச் சிலைகளைச் செதுக்கியவர்கள், கல்லறைச் சுவர்களில் வண்ணம் தீட்டியவர்கள், அவர்களுக்குக் கூலியாகத் தானியம் அளந்து கொடுத்த எழுத்தர்கள் ஆகியோர் விளக்கப் பலகையின் ஒரு வரியோடு முடிந்துவிடுவார்கள். டுரினில் அவர்களுடைய படுக்கையும் பாயும் உடுப்பும் உணவும் கணக்கேடும் நம் முன்னே இருக்கின்றன. இதற்குக் காரணம், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எர்னெஸ்தோ ஸ்கியாபரெல்லி என்ற அறிஞர், அரசர்களின் பள்ளத்தாக்கில் கல்லறைகளை அமைத்த தொழிலாளர்கள் குடியிருந்த தெயிர் எல்-மதீனா என்னும் சிற்றூரில் நடத்திய அகழாய்வுகளாகும்.

அந்த ஊரில் 1906இல் அவர் கண்ட கா, மெரித் தம்பதியரின் கல்லறையே இந்த அருங்காட்சியகத்தின் உயிர்நாடி என்பது என் கருத்து. இரண்டாம் அமென்ஹோதெப் முதல் மூன்றாம் அமென்ஹோதெப் வரை மூன்று அரசர்களின் காலத்தில் கட்டுமானப் பணிகளை மேற்பார்வையிட்டவர் கா. கொள்ளையர் கைபடாமல் சுமார் 3,400 ஆண்டுகள் மூடிக்கிடந்த அந்த அறையிலிருந்து நானூறுக்கும் மேற்பட்ட பொருள்கள் வெளிவந்தன. அவற்றுள் மிகச் சிலவற்றைத் தவிர மற்றவை எல்லாம் டுரினுக்கு வந்ததால், ஒரு குடும்பம் மறுமைக்கென எடுத்துவைத்த முழு வீட்டையும் ஒரே கூடத்தில் காண முடிகிறது. பல வடிவங்களில் சுட்ட ரொட்டிகள், பூண்டு, வெங்காயம், உப்பிட்ட இறைச்சி, மடித்து வைத்த லினன் (ஆளிநார்) ஆடைகள், நாற்காலிகள், முக்காலிகள், செனெத் விளையாட்டுப் பலகை, மெரித்தின் ஒப்பனைப் பெட்டி, மெல்லிய சடைகளாகப் பின்னிய தலைமுடித் தொப்பி என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்றுவிடத் தோன்றும்.

இவற்றுள் இரண்டு முழக்கோல்களை மட்டும் எவரும் தவறவிடக் கூடாது. ஒன்று பொன்தகடு போர்த்தியது; இரண்டாம் அமென்ஹோதெப்பின் பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது; அரசனின் பரிசு. மற்றொன்று சாதாரண மரத்தாலானது. நடுவில் கீல் வைத்து மடிக்கும்படி செய்து, தோலுறையில் போட்டு எடுத்துச் செல்லத்தக்கது. முன்னதைக் கொண்டு எவரும் எதையும் அளந்திருக்க மாட்டார்கள். பின்னதோ வேலைத்தளத்துக்குப் போய்வர ஏற்றது. பதவியின் பெருமையும் தொழிலின் அன்றாடமும் ஒரே மனிதரின் உடைமைகளில் அருகருகே இருப்பதை வேறெந்த எகிப்தியக் கூடத்திலும் இவ்வளவு தெளிவாக நான் கண்டதில்லை.

மெரித்தின் சவப்பெட்டியையும் சற்றுப் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கணவருக்கு முன்பே, எதிர்பாராத நேரத்தில் அவர் இறந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். ஏனெனில் அவர் வைக்கப்பட்ட பெட்டியில் எழுதப்பட்டிருப்பது காவின் பெயர். தனக்கென்று செய்துவைத்த பெட்டியைக் கணவர் மனைவிக்குக் கொடுத்துவிட்டார். அது மெரித்துக்குப் பெரிதாக இருந்ததால் இடைவெளிகளைத் துணிகளால் நிரப்பியிருந்தார்கள். இருவரின் மம்மிகளும் இன்றுவரை துணி அவிழ்க்கப்படாமல் வைக்கப்பட்டுள்ளன. காவின் கழுத்திலிருக்கும் பொன் மாலையும் காதணிகளும் ஊடுகதிர்ப் படங்களின் வழியாகவே தெரியவந்தன. அறிவைத் தேடும் ஆவலையும் இறந்தவருக்குரிய மரியாதையையும் ஒருங்கே காக்கும் இந்த முறையை நான் மனமார மதிக்கிறேன்.

தெயிர் எல்-மதீனாவின் பாப்பிரஸ் (நாணல்தாள்) ஏடுகளும் இங்கேதான் உள்ளன. மூன்றாம் ராம்செஸின் 29ஆம் ஆட்சியாண்டில், கூலித் தானியம் வந்து சேராததால் கல்லறைத் தொழிலாளர்கள் வேலையை விட்டுக் கோயில்களின் அருகே போய் அமர்ந்ததையும், பசியாலும் தாகத்தாலும் வந்தோம், உடுக்கத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காய்கறியில்லை என்று அவர்கள் முறையிட்டதையும் எழுத்தர் ஒருவர் பதிவுசெய்த ஏடு, வரலாற்றில் நாம் அறிந்த மிகப் பழைய வேலைநிறுத்தத்தின் சான்றாகக் கருதப்படுகிறது. அரசர்களின் பெயர்களை வரிசைப்படுத்திய ஏடும் இத்தொகுப்பைச் சேர்ந்ததே. எகிப்திய எழுத்தின் மறையை 1822இல் அவிழ்த்த ஷாம்போலியன், இரண்டே ஆண்டுகளில் டுரினுக்கு வந்து, நொறுங்கிக் கிடந்த துண்டுகளிடையே அதை அடையாளம் கண்டார். இத்தகைய ஏடுகள் ஒளியால் கெடக்கூடியவை. ஆகவே குறிப்பிட்ட ஏடு ஒன்றைக் காண்பதற்காகவே வருபவர்கள், அது அப்போது காட்சியில் உள்ளதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

தரைத்தளத்தில் உள்ள அரசர் கூடம், அருங்காட்சியகத்தின் 200ஆம் ஆண்டையொட்டி 2024 நவம்பரில் புதிய அமைப்புடன் திறக்கப்பட்டது. 2006 முதல் அந்தக் கூடம், திரைப்படக் கலை இயக்குநர் தாந்தே ஃபெரெத்தியின் வடிவமைப்பில், இருட்டும் கண்ணாடிகளும் குவிவிளக்குகளுமாக ஒரு நாடக மேடை போல இருந்தது. இப்போது சாளரங்களின் வழியே பகலொளி உள்ளே வருகிறது. இந்த மாற்றம் சரியானது என்றே நான் உறுதியாகச் சொல்வேன். இங்குள்ள, சிங்க முகப் பெண் தெய்வமான செக்மெத்தின் 21 சிலைகள், மூன்றாம் அமென்ஹோதெப் தீப்ஸின் மேற்குக் கரையில் எழுப்பிய கோயிலுக்காகச் செய்யப்பட்டவை. சிங்க முகத்தின் பிடரி வரிகளையும் கருங்கல்லில் உளி விட்டுச்சென்ற மென்மையான ஏற்ற இறக்கங்களையும், பக்கவாட்டில் விழும் இயற்கை ஒளி தெளிவாகக் காட்டிவிடுகிறது.

அக்கூடத்தின் நாயகன் இரண்டாம் ராம்செஸின் சிலையே. நீல மகுடம் அணிந்து, கையில் செங்கோலுடன் அமர்ந்திருக்கும் அரசனின் மேலாடையில் மடிப்புகள் ஒவ்வொன்றும் மெல்லிய துணி உடலோடு ஒட்டிக்கிடப்பது போலச் செதுக்கப்பட்டுள்ளன. இவ்வளவு கடினமான கல்லில் அது எப்படிக் கைகூடியது என்ற வியப்பு, எத்தனை முறை பார்த்தாலும் குறைவதில்லை. கால்களின் இருபுறமும் அரசி நெஃபெர்தாரியும் மகனும் சிறிய உருவங்களாக நிற்கிறார்கள். பாதங்களின் கீழே பகைவர்களைக் குறிக்கும் ஒன்பது விற்கள் உள்ளன. முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், பக்கவாட்டிலும் சென்று பாருங்கள்.

இப்பொருள்கள் ஐரோப்பாவுக்கு வந்த விதத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ட்ரொவெத்தியின் காலத்தில் தூதர்கள் போட்டி போட்டுக்கொண்டு பழம்பொருள்களை அள்ளினார்கள். ஸ்கியாபரெல்லியின் காலத்தில், கண்டெடுத்தவற்றை எகிப்தின் தொல்பொருள் துறையும் அகழாய்வு செய்தவர்களும் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. காவின் வீடு சிதறாமல் ஒன்றாக இருப்பது நமக்குப் பெரும் பேறு. ஆனால் அது நைல் கரையில் இருந்திருக்கலாமே என்று ஓர் எகிப்தியர் எண்ணினால், அந்த எண்ணத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. இந்தப் பின்னணியை அறிந்துகொண்டு பார்ப்பவருக்கே கூடங்கள் முழுமையாகப் பொருள்படும்.

வண்ணச் சவப்பெட்டிகளின் கூடம் அழகானதே எனினும், ஒத்த வடிவங்கள் அடுத்தடுத்து நிற்பதால் முதல் முறை செல்பவருக்குக் கண் சலித்துவிடும். சிலவற்றைத் தேர்ந்து பார்ப்பது போதும். ஆனால் மேல்தளத்தில் உள்ள, எகிப்தின் கெபெலெய்ன் என்ற இடத்தில் கிடைத்த லினன் துணியைக் கடந்துபோய்விடாதீர்கள். பாரோக்களின் ஆட்சி தொடங்குவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பு, படகுகளையும் நீர்யானை வேட்டையையும் எவரோ அந்தத் துணியில் வரைந்திருக்கிறார். 1930இல் கிடைத்த அதன் கிழிசல்களிடையே துடுப்பு போடுபவர்களின் உருவங்கள் இன்றும் தெரிகின்றன.

மூன்றாம் துத்மோஸ் என்ற அரசர், எகிப்தின் தெற்கிலுள்ள நூபியாவில் பாறையைக் குடைந்து அமைத்த எல்லெசியா கோயிலையும் இங்கே காணலாம். அஸ்வான் உயர் அணையின் நீரில் மூழ்கவிருந்த நினைவுச்சின்னங்களை மீட்க இத்தாலி செய்த உதவிக்கு நன்றியாக எகிப்து அதை வழங்கியது. துண்டுகளாக அறுத்துக் கொண்டுவந்து மீண்டும் பொருத்தி, 1970இல் மக்களுக்குத் திறந்தார்கள். உருவில் சிறியது, புடைப்புச் சிற்பங்களும் தேய்ந்துள்ளன. ஆயினும் ஒரு கோயிலின் உள்ளறைக்குள் நிற்கும் அனுபவம் இந்தக் கட்டடத்தில் இங்கே மட்டுமே கிடைக்கும்.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டு காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. மேல்தளத்திலிருந்து கீழே இறங்கிவரும்படியே காலவரிசை அமைந்திருப்பதால், பழங்காலப் பகுதியில் நேரத்தைச் செலவழித்துவிட்டு, காவின் கூடத்துக்கு வரும்போது கால் ஓய்ந்துபோக வாய்ப்புண்டு. அரைநாள்தான் இருக்கிறது என்றால் முதல் தளத்துக்கு நேராகச் சென்று தெயிர் எல்-மதீனா பகுதியைப் பார்த்துவிட்டு, பகலொளி நன்றாக இருக்கும்போதே அரசர் கூடத்துக்கு இறங்கிவிடுங்கள்.