விழாவுக்கு இரண்டு நட்சத்திரம், நூலுக்கு நான்கு

புத்தகத்தைத் தாராளமாக வாங்கலாம். வெளியீட்டு விழாவுக்கு வர முடியாமல் போனவர்கள் வருத்தப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லிவிடுவதுதான் நியாயம். மேடையில் ஆளாளுக்குப் பேசிய புத்தகம் ஒன்று, நான் காசு கொடுத்து வாங்கி வீட்டுக்கு வந்து படித்த புத்தகம் இன்னொன்று.

நூல் குமரி மாவட்டத்தின் பண்பாட்டு அடையாளத்தைப் பற்றியது. எழுதியவர் கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். விழாவைப் பற்றி நான் சொல்லப்போவதற்கெல்லாம் அவர் பொறுப்பில்லை. அதனால் அவர் பெயரையும் விழா நடத்தியவர்கள் பெயரையும் இதில் இழுக்கவில்லை. நான் பத்திரம் எழுதுகிறவன். இந்த மாவட்டம் முன்பு திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்தது; அந்தக் காலத்து முன்பத்திரம் என் மேசைக்கு வராத வாரம் கிடையாது. பாதி மலையாள எழுத்தில் இருக்கும், தேதி மலையாளத்தார் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும், நிலத்தின் அளவு கோட்டை விதைப்பாட்டில், அதாவது எத்தனை கோட்டை நெல் விதைக்கலாம் என்ற கணக்கில் இருக்கும். இந்த மாவட்டத்தின் வரலாறு என்று யார் புத்தகம் போட்டாலும், ஆவணத்தைத் தொட்டுப் பார்த்து எழுதியிருக்கிறாரா, அல்லது நாலு புத்தகத்தைப் பார்த்து அஞ்சாவது எழுதியிருக்கிறாரா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

விழா ஐந்து மணிக்கு என்று அழைப்பிதழில் இருந்தது. ஆறு மணிக்குத் தமிழ்த்தாய் வாழ்த்து. அதுவரைக்கும் பரவாயில்லை, நம்ம ஊரில் ஐந்து மணி என்றால் ஆறு மணி என்று எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் பொன்னாடை ஆரம்பித்தது. மேடையில் இருந்தவர்களுக்குப் போர்த்தி, முன்வரிசையில் இருந்தவர்களுக்குப் போர்த்தி, போர்த்தியவர்களுக்கும் யாரோ திருப்பிப் போர்த்தினார்கள். முதல் பிரதியை ஒருவர் வெளியிட, பெற்றுக்கொள்ள மட்டும் அரை டஜன் பேர். வாழ்த்துரை வழங்கியவர்களில் புத்தகத்தைத் திறந்து பார்த்த முகம் ஒன்றுகூட எனக்குத் தட்டுப்படவில்லை. ஒருவர் மட்டும் அட்டையைப் பற்றி நன்றாகப் பேசினார்.

எல்லாருடைய பேச்சும் ஒரே தடத்தில் போனது. முக்கடல் கூடுகிற இடம், மேற்கு மலை, வயல், 133 அடி வள்ளுவர் சிலை, கவிமணி பிறந்த மண், கலைவாணர் பிறந்த மண், ஜீவா பிறந்த மண். குளச்சல் வராமல் எந்தப் பேச்சும் முடியவில்லை. 1741 ஆகஸ்டில் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரனைத் தோற்கடித்த கதையை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். ஒருவர் கணக்கில் போரே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கைதட்டல் பலமாக இருந்தது.

நூலில் குளச்சல் போர் இருக்கிறது, ஆனால் அங்கே கைதட்ட இடமில்லை. பிடிபட்ட டச்சுத் தளபதி டி லனாய் பிறகு அதே மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் தலைவராகிறான். உதயகிரிக் கோட்டை அவன் மேற்பார்வையில் புதுக்கிக் கட்டப்படுகிறது. அந்தக் கோட்டைக்குள்ளேயே அவன் கல்லறையும் இருக்கிறது. அவன் மூலமாகக் கிறிஸ்தவத்துக்கு வந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை, தேவசகாயம் என்று பெயர் மாறி, அதே மன்னரின் ஆட்சியில் 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்படுகிறார். 2022இல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. இந்த இரண்டையும் ஆசிரியர் அடுத்தடுத்த பக்கங்களில் வைத்து, ஒரு வரிகூட உபதேசம் செய்யாமல் நகர்ந்துவிடுகிறார். மேடையில் பேசியவர்கள் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டார்கள்.

நூல் முழுக்க இந்தப் போக்குதான். நாம் எதைக் கொண்டாடுகிறோம் என்று அவர் கேட்கவில்லை. நாம் ஒருவரோடு ஒருவர் எதற்காகச் சண்டை போட்டோம், அந்தச் சண்டை எந்த ஏட்டில் பதிவாகியிருக்கிறது என்று தேடிக்கொண்டு போகிறார். பத்திரம் எழுதுகிற எனக்கு இது உடனே பிடிபட்டது. ஒரு குடும்பம் ஒற்றுமையாக இருந்தால் என் மேசைக்குக் காகிதம் வராது. வழக்கு வந்தால்தான் தாத்தா பெயர், பாட்டி பெயர், தென்னை மரம், கிணற்றுப் பங்கு எல்லாம் எழுத்தில் ஏறும்.

முதலியார் ஓலைகளைப் பற்றிய அத்தியாயத்தை நான் இரண்டு தடவை படித்தேன். அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டில் கிடந்த அந்த ஓலைகளைத் தேடிப் பார்த்தவர்களில் கவிமணியும் ஒருவர். பள்ளிப் பாட்டுப் புத்தகத்தில் மட்டும் அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கமான நாஞ்சில் நாட்டின் ஊர்ப் பிரதிநிதிகளான நாட்டார்கள் கூட்டம் கூடி, அநியாய வரி கேட்டால் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்ட செய்திகள் இந்த ஓலைகளில் இருக்கின்றன. ராஜபக்தியில் ஊறியவர்கள் நாஞ்சில் நாட்டார் என்று மேடையில் ஒரு பெரியவர் உருகினார். அவர் கையில் இருந்த பிரதியிலேயே அந்த அத்தியாயம் இருந்தது.

அடுத்தது மருமக்கள்வழி. அப்பாவின் சொத்து பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற முறை, நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் போன நூற்றாண்டு வரைக்கும் இருந்தது. கவிமணி இதை நையாண்டி செய்து ஒரு காவியமே பாடினார். ஐந்தாவது மனைவியாக வாழ்க்கைப்பட்டவள் புலம்புவது போல அது போகும். பெரும்பாலான புத்தகங்கள் அந்தப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளும். இவர் பாட்டைத் தாண்டி சட்டத்துக்கு வருகிறார். கொல்லம் 1101இல், அதாவது 1926இல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்து மருமக்கள்வழி முடிவுக்கு வந்தது. சட்டம் வந்த உடனே பாகப்பிரிவினை. யார் பேரில் எந்த வயல், மனைவி மக்களுக்கென்று ஒதுக்கிய உகந்துடைமை எது, குடும்பச் சொத்து எது என்று பிரித்து எழுதிய பத்திரங்கள். அப்படிப்பட்ட ஒரு பத்திரத்தின் படத்தை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார். ஓரத்தில் கறையான் தின்ற தடம், நடுவில் மடித்த இடத்தில் கிழிசல். கீழே ஒரு பெண்ணின் பெருவிரல் ரேகை, அதைச் சுற்றி எழுத்தர் போட்ட வட்டம். ரேகைக்குப் பக்கத்தில் பெயரை எழுதியவனின் கை நடுங்கியிருக்கிறது. மை ஒரே இடத்தில் திட்டாக நிற்கிறது. எங்கள் தொழிலில் அப்படி மை கொட்டினால் வேறு தாளில் திருப்பி எழுதச் சொல்வார்கள். அன்றைக்கு முத்திரைத்தாள் செலவை நினைத்து விட்டிருப்பார்கள்.

தோள்சீலைப் போராட்டத்தை மேடையில் ஒருவரும் தொடவில்லை. அரங்கில் எல்லாச் சாதியாரும் இருந்தார்கள், அதனால்தான். நூலில் அது நீளமான அத்தியாயம். 1859 ஜூலை அறிவிப்பு நாடார் பெண்களுக்கு மேலாடை அணிய உரிமை கொடுத்தது என்று நாம் எல்லாரும் சொல்லிப் பழகியிருக்கிறோம். உயர்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையும் அதே அறிவிப்பில் இருந்ததை ஆசிரியர் எடுத்துக் காட்டுகிறார். முட்டப்பதி, சாமித்தோப்பு என்று அய்யா வைகுண்டரின் வழியும், மயிலாடியில் ஜெர்மன் மிஷனரி ரிங்கல்தௌபே தொடங்கிய கிறிஸ்தவ சபையின் வழியும் ஒரே காலத்தில் ஒரே மக்களிடம் எப்படிப் போட்டி போட்டன என்று எழுதியிருப்பது துணிச்சல். வைகுண்டரின் வழியில் தலைப்பாகையோடு சாமி கும்பிடுகிற வழக்கத்தை அவர் விளக்குகிற பத்தி ஒன்றுக்காகவே புத்தகத்தை வைத்துக்கொள்ளலாம்.

தாய்த்தமிழகத்தோடு இணைந்த கதை எதிர்பார்த்த அளவுக்கு இருக்கிறது. இணைப்புப் போராட்டத் தலைவர் மார்ஷல் நேசமணி, அவருடைய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், 1954 ஆகஸ்ட் 11இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூடு, 1956 நவம்பர் 1. கேட்டும் படித்தும் பழகினவை. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்காமல் போனதைப் பற்றிப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் இணைப்புக்குப் பிறகும் விட்டுப்போகாத உறவுகளைச் சொல்கிற இடம் நன்று. பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் கேரளத் தொல்லியல் துறையின் கையில். நவராத்திரிக்குச் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும், வேளிமலை முருகனும், பத்மநாபபுரம் சரஸ்வதியும் திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுப் போய்த் திரும்பி வருகிறார்கள். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செய்கிற காட்சியை அவர் எழுதியிருப்பதில் ஒரு மெல்லிய கிண்டல் இருக்கிறது. தக்கலையில் சூஃபிக் கவிஞர் பீர்முகம்மது அப்பாவின் ஞானப்புகழ்ச்சி பாடுகிற இரவைப் பற்றி நான்கு பக்கம், அத்தனையும் தேன்.

குறை இல்லையா? இருக்கிறது. கடற்கரை இந்த நூலில் சோனிப் போயிருக்கிறது. குளச்சல், கடியபட்டினம், முட்டம் எல்லாம் போர் வரும்போதும் கப்பல் வரும்போதும் மட்டும் தலைகாட்டுகின்றன. மீன்பிடிக்கிறவர்கள் இந்த அடையாளத்தில் எங்கே நிற்கிறார்கள் என்று தேடினால் ஒரு அத்தியாயம் கூட இல்லை. இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிய 1982 மண்டைக்காட்டுக் கலவரத்துக்கு ஒன்றரைப் பக்கம். அதையும் யாருக்கும் வலிக்காத சொற்களில் எழுதியிருக்கிறார். இருநூறு வருஷத்துக்கு முந்தின சண்டையில் அவ்வளவு தைரியமாக இருந்தவர், நாம் பார்த்த சண்டையில் பதுங்கிவிட்டார். ஓரளவுக்குப் புரிகிறது. அவரும் இதே ஊரில்தான் சாயா குடிக்கப் போக வேண்டும். ஆனாலும் ஒரு நட்சத்திரம் குறைத்தது இதற்காகத்தான்.

புத்தகமாகப் பார்த்தால்: கெட்டி அட்டை, தையல் கட்டு, தாள் நல்ல தாள். வரைபடம் மட்டும் கண்றாவி. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்று பழைய நான்கு தாலுகாவையும் ஒரே சாம்பல் நிறத்தில் அடித்து, ஆறு எது, சாலை எது என்று தெரியாமல் விட்டிருக்கிறார்கள். பொருளடைவு கிடையாது. இவ்வளவு ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வருகிற நூலுக்கு அது இல்லாமல் எப்படி? கொல்லம் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றுகிற அட்டவணை பின்னால் இருக்கும் என்று தேடினேன், இல்லை. 825 கூட்டிக்கொள்ளுங்கள், சில மாதங்களுக்கு 824.

விழாவில் விற்பனை மேசை ஒழுங்காக இருந்தது. இருபது சதம் கழிவு, ஜிபே வசதி, பில்லும் தந்தார்கள். நான் நின்றிருந்தபோது வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் வந்து பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வோய், இது நம்ம ஆளுவள பத்தின புக்கா, மத்த ஆளுவள பத்தினதா?"

மேசையில் இருந்த பையன் அசரவில்லை. "எல்லாரையும் ஏசியிருக்காரு அண்ணாச்சி."

பெரியவர் இரண்டு பிரதி வாங்கினார்.

ஏற்புரைக்கு ஆசிரியரைக் கூப்பிட்டபோது மணி எட்டே முக்கால். குலசேகரம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் பின்வரிசையில் எழுந்துகொண்டிருந்தார்கள். மனிதர் ஐந்தே நிமிஷம் பேசினார். தனக்குப் போர்த்திய பொன்னாடைகளை நாற்காலியில் மடித்து வைத்துவிட்டு, ஆவணக் காப்பகத்தில் உதவின ஊழியருக்கு நன்றி சொன்னார். தங்கள் வீட்டுப் பரணில் இருந்த பத்திரங்களை எடுத்துக் கொடுத்த குடும்பங்களுக்கு நன்றி சொன்னார். பத்திரத்தைக் காட்ட மறுத்த குடும்பங்களுக்கும் நன்றி, எங்கே கைவைத்தால் வலிக்கும் என்று அவர்கள்தான் காட்டிக்கொடுத்தார்கள் என்றார். அன்றைய மாலையில் கேட்கும்படி இருந்தது அந்தப் பேச்சு ஒன்றுதான். கேள்வி நேரம் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததை நன்றியுரைக்காரர் நேரமின்மை காரணமாக ரத்து செய்தார். விழா நடத்துகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த தடவை பொன்னாடையை ரத்து செய்யுங்கள்.

தேநீரோடு கொடுத்த ஏத்தன்பழ பஜ்ஜி சூடாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

வாங்குகிறவர்கள் முன்னுரையை விட்டுவிட்டு நேராக மருமக்கள்வழி அத்தியாயத்தில் ஆரம்பியுங்கள். முன்னுரை எழுதியவரும் மேடையில் இருந்தார், அவர் பேச்சை அப்படியே எழுதியிருக்கிறார். வீட்டில் மலையாளத்தில் எழுதின பழைய பத்திரம் இருந்தால் கையில் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். வரிக்கு வரி ஒத்துப் பார்க்கலாம்.