மாருதி 800: லோயர் ஆர்ம் புஷ்ஷை வீட்டில் மாற்றி ஓராண்டுக்குப் பிறகு

இதே வண்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர், முன்சக்கரப் பக்கம் வேகத்தடையில் ‘டொக்’ என்று சத்தம் வருகிறதே, சக்கரத்தை வண்டியின் அடிப்பகுதியோடு இணைக்கும் இரும்புக் கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷை வீட்டிலேயே மாற்றிவிடலாமா என்று சென்ற வாரம் கேட்டார். என்னுடைய 1998 மாடல் 800இல் அந்த வேலையை நானே செய்து ஓராண்டுக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

இந்த வண்டியில் இரு முன்சக்கரங்களின் ஆர்ம்களையும் இணைக்கும் இரும்புக் கம்பியான ஸ்டெபிலைசர் பாருக்கு இரட்டை வேலை. வளைவில் வண்டி சாய்வதைக் குறைப்பதோடு, லோயர் ஆர்ம் முன்னும் பின்னும் நகராமல் பிடித்து வைப்பதும் அதுதான். ஆகவே அதன் முனையிலுள்ள ரப்பரும் ஆர்மின் உள்முனைப் புஷ்ஷும் தேய்ந்தால் தொல்லை சத்தத்தோடு நிற்பதில்லை; பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, டயரும் ஓரத்தில் மட்டும் தேய்கிறது.

நானே மாற்றுவதற்கு முன், இதே புஷ்ஷைப் பட்டறை ஒன்றில் புதிதாகப் போட்டு ஐந்தே மாதத்தில் பழைய சத்தம் திரும்பியது. கழற்றிப் பார்த்தபோது ரப்பர் தேயவில்லை, முறுக்கிக் கிழிந்திருந்தது. புஷ் என்பது நடுவில் ஓர் இரும்புக் குழாயும் அதைச் சுற்றிய ரப்பரும்தான். போல்ட்டை இறுக்கியதும் குழாய் அசையாமல் நின்றுவிடும். அதன்பின் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுகி நெகிழ்வதால்தான். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே இறுக்கிவிட்டால், தொங்கும் அந்த நிலையே ரப்பரின் இயல்பு நிலையாகிவிடுகிறது. வண்டி தரையில் நிற்கும்போதுகூட அது முறுக்கிய நிலையிலேயே கிடக்கும். பட்டறையில் லிஃப்டில் ஏற்றிய வண்டியை அப்படியே இறுக்கி இறக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அப்போது எனக்கும் இது தெரியாது. அன்று அங்கே வரிசையாக வண்டிகள் காத்திருந்தன, அவர்களின் அவசரம் புரிகிறது. ஆனாலும் இறக்கியபின் போல்ட்டுகளை இன்னொரு முறை தளர்த்தி இறுக்க எத்தனை நிமிடம் ஆகியிருக்கும் என்ற கோபம் இன்னும் தணியவில்லை.

வீட்டில் செய்தபோது பழைய புஷ்ஷை வெளியேற்றுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. ஜாக்கியை மட்டும் நம்பாமல் இருபுறமும் ஸ்டாண்ட் வைத்து, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கு முந்தைய இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டிருந்தேன். ஆர்மைக் கழற்றியபின் ரப்பரின் ஒரு பக்க விளிம்பைப் பிளேடால் அறுத்துவிட்டு, நீண்ட போல்ட், கனமான வாசர், புஷ்ஷைவிடச் சற்று அகலமான இரும்புப் பைப் துண்டு ஆகியவற்றைக் கொண்டு நட்டைத் திருகத் திருக அது மெல்ல வெளியே வந்தது. புதியதை ஏற்றச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவினால் ரப்பர் ஊறிக் கெட்டுவிடும். இருபுறமும் ஒரே அளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். பிறகு போல்ட்டுகளைக் கையிறுக்கமாக விட்டு, சக்கரங்களை மாட்டி, இரண்டையும் சம உயரப் பலகை அடுக்குகளின்மேல் இறக்கி, வண்டியை நாலு முறை அழுத்தி ஆட்டி அதன் எடையில் அமரவிட்ட பின்பே முழுதாக இறுக்கினேன். மறுநாள் வீல் அலைன்மென்டுக்குக் கொண்டுபோனேன்.

பழுதான தெருக்களில் இரண்டாவது கியரில் போகும்போது டயர் உருளும் ஓசை மட்டும் கேட்கிறது. இத்தனை வயதான வண்டியில் இப்படியோர் அமைதியை நான் எதிர்பார்த்ததே இல்லை. சென்ற மாதம் டார்ச் அடித்துப் பார்த்தேன்; ரப்பரில் ஒரு கீறல்கூட இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நண்பரிடம் வீட்டில் செய்ய வேண்டாம் என்றுதான் சொன்னேன். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துத் துரு கண்ணில் விழ நட்டோடு மல்லுக்கட்டிய அந்த நாளை எனக்கு வேண்டியவர் எவருக்கும் பரிந்துரைக்க மனம் வரவில்லை. பட்டறைக்கே போங்கள், கடைசி போல்ட்டை இறுக்கும்போது மட்டும் சக்கரம் நான்கும் தரையில் இருக்கின்றனவா என்று அருகில் நின்று பாருங்கள். என் வண்டிக்கு அடுத்த புஷ்ஷையும் நான்தான் போடுவேன்.