மூன்றரை ஆண்டுப் படர்தாமரையும் ஈப்போ தோல் டாக்டரும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவன். காலை ஏழு மணிக்குள் பனியில் முழங்கால் வரை நனைந்துவிடும். அப்புறம் வெயில் ஏறும். ரப்பர் பூட்ஸும் நீளக் கால்சட்டையும் பெல்ட்டுமாக மதியம் வரை வேர்வையிலேயே ஊறிக் கிடப்போம். 2021 கடைசியில் பெல்ட் படும் இடத்தில் ஐம்பது காசு அளவுக்கு ஒரு வட்டம் வந்தது. படர்தாமரைதான் என்று எனக்கே தெரியும். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவனுக்கு இதெல்லாம் பெரிய விஷயமா?

கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு டியூப் கொடுத்தார். இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. ஒரு வாரம் விட்டேன், வட்டம் உள்ளங்கை அளவுக்கு வந்து நின்றது. மறுபடி பூசினேன், அடங்கியது. இப்படி எட்டு மாதத்தில் பதினோரு டியூப். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த சாதி அது. அதில் உள்ள ஸ்டீராய்டு அரிப்பையும் வீக்கத்தையும் அடக்குகிறதே தவிர பூஞ்சையைக் கொல்வதில்லை. எதிர்த்து நிற்க வேண்டிய உடம்பைத் தூங்க வைத்துவிட்டு, பூஞ்சைக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. வட்டத்தின் விளிம்பும் அழிந்துவிடுவதால் பார்க்கிறவருக்கு அது படர்தாமரையாகவே தெரியாது. பக்கத்து டவுன் கிளினிக் ஒன்றில் எக்ஸிமா என்ற வேறு தோல் நோய் என்று சொல்லி இன்னும் காரமான ஸ்டீராய்டு கொடுத்தார்கள். பாவம், அந்த டாக்டருக்குக் கண்ணில் பட்டது அதுதான்.

நடுவில் மாமியார் வைத்தியமும் நடந்தது. சீமை அகத்தி இலையை, மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பார்களே, எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் பூசினார். புது வட்டத்துக்கு அந்த இலை கேட்டிருக்கலாம். எனக்கோ எட்டு மாத ஸ்டீராய்டில் தோல் வெங்காயச் சருகாகிவிட்டிருந்தது. எரிச்சலில் அன்றைக்கு ராத்திரி வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊரில் தேடியவரை தோல் நிபுணர் யாரும் அகப்படவில்லை. ஈப்போ அரை மணி நேரம்தான், கிளம்பிவிட்டோம். 'கூலிட்' (மலாயில் தோல்) என்று பெரிதாக எழுதிய முதல் பலகையைப் பார்த்து நுழைந்தது என் தப்பு. அங்கிருந்த டாக்டர் சட்டையைக்கூட முழுதாகத் தூக்கச் சொல்லவில்லை. கவுண்டரில் இருந்த பெண் கறுப்பை வெளுக்க லேசர், ஆறு தடவைக்கு ஒரு பேக்கேஜ் என்று அட்டையை நீட்டினார். அரிக்கிறது என்று வந்தவனுக்கு வெளுப்பு எதற்கு?

வீட்டுக்கு வந்ததும் மகள் போனை எடுத்தாள். தேசிய நிபுணர் பதிவேடு என்று ஒன்று இணையத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டாக்டர் பெயரைப் போட்டால் எந்தத் துறையில் நிபுணர் என்று காட்டும். நாங்கள் பார்த்தவர் பெயர் அதில் இல்லை. அவர் போலி டாக்டர் என்று சொல்ல வரவில்லை. சுகாதார அமைச்சிடம் எல்.சி.பி. என்ற அனுமதிக் கடிதம் வாங்கி அழகு சிகிச்சை செய்யும் பொது மருத்துவர்கள் நிறையப் பேர் உண்டு. அது சட்டப்படி சரியான தொழில்தான். ஆனால் அவர்கள் தோல் நிபுணர் இல்லை. பலகையில் இந்த வித்தியாசம் தெரியாது, பதிவேட்டில் தெரியும்.

மகள் தனியாருக்கே போகலாம் என்றாள். நான் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி, ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்குக் கடிதம் கேட்டேன். அங்கிருந்த இளம் டாக்டர் எதுவும் பேசாமல் எழுதிக் கொடுத்துவிட்டார். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, தொடர்ந்து போகிறவர்களுக்குத் தடவைக்கு ஐந்து வெள்ளிதான். ஆனால் எனக்குத் தேதி கிடைத்தது இரண்டரை மாதம் கழித்து. அதுவரை தாங்காது என்று, பதிவேட்டில் பெயர் இருந்த மூன்று தனியார் டாக்டர்களின் கிளினிக்குகளுக்கு மகள் போன் போட்டாள். கட்டணத்தைக் கேட்டுவிட்டு இன்னொன்றும் கேட்கச் சொன்னேன்: "தோலைச் சுரண்டி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பீர்களா?" இரண்டு இடத்தில் தெரியவில்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில், "பார்ப்போம், அப்பாவை ரெண்டு நாளைக்கு எந்தக் கிரீமும் பூசாமல் வரச் சொல்லும்மா" என்றார்கள். அங்கேதான் போனேன்.

பூசின டியூப்பெல்லாம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் சீனர், மலாயில்தான் பேசினோம். பையைக் கொட்டி டியூப்களை மேசையில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் படித்தார். அப்புறம் இடுப்பு, தொடை இடுக்கு, கால் விரல் இடுக்கு, நகம் எல்லாம் பார்த்தார். நான் காட்டாத இடங்கள் அவை. பிளேடால் லேசாகச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டார். அது தோல் செல்களைக் கரைத்துவிடும், பூஞ்சை இழை மட்டும் தெரியும் என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். மரக்கிளை மாதிரி நூல் நூலாக இருந்தது. பதினோரு டியூப்பில் வளர்த்த தோட்டம்!

"வீட்டில் வேற யாருக்கு?" என்று கேட்டார். மனைவிக்கும் இடுப்பு மடிப்பில் இருந்திருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடமே சொல்லவில்லை. ஒருவர் மட்டும் மருந்து எடுத்தால் ஒரே துண்டு, ஒரே கைலி வழியாகத் திரும்பி வரும் என்று இருவருக்கும் சேர்த்தே ஆரம்பித்தார். ஈரல் சோதனைக்கு ரத்தம் எடுத்த பிறகுதான் மாத்திரை. ஸ்டீராய்டை நிறுத்தினால் முதல் சில நாள் அரிப்பு கூடும், பழைய டியூப்பைத் தேடாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சொல்லாமல் விட்டிருந்தால் நான்காம் நாளே தேடியிருப்பேன். எல்லாம் சேர்த்து 340 வெள்ளி. எரிந்தது, ஆனால் பதினோரு டியூப்புக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று கணக்குப் பார்க்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு அரசாங்கப் பிரிவுக்கு மாறிவிட்டேன். டாக்டர் ஒவ்வொரு தடவையும் மாறுவார், காலை எட்டுக்குப் போனால் மதியம் ஆகும். இருந்தாலும் கோப்பில் எல்லாம் எழுதியிருப்பதால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. இரண்டு தடவை திரும்பி வந்தது, இரண்டும் மழைக்காலத்தில், ஈர பூட்ஸோடு. கறுப்புத் தழும்பு மறைய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. நம் நிறத்துக்கு அப்படித்தான், அது நோய் இல்லை, தழும்பு மட்டும்தான் என்று சொன்னது ஒரு மலாய் டாக்டரம்மா. லேசர் பேக்கேஜ் வாங்கியிருந்தால் அந்தத் தழும்புக்குத்தான் பணம் கட்டியிருப்பேன்.

மனைவி தன் கன்னத்து மங்குக்கு பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் வாங்கிய கிரீமையும் அதே டாக்டரம்மாவிடம் காட்டினாள். டப்பாவில் அழகுப் பொருள்களுக்கு இருக்க வேண்டிய, 'நோட்' என்று தொடங்கும் அறிவிப்பு எண்ணே இல்லை. பாதரசம் இருக்கலாம் என்று குப்பையில் போடச் சொல்லிவிட்டு, வெயிலுக்குப் பூசும் கிரீமை எழுதிக் கொடுத்தார். மனைவி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. என்னிடம்தான், டாக்டரம்மாவிடம் இல்லை.

போன மாதம் மச்சான் வந்திருந்தார். இடுப்பைச் சொறிந்துகொண்டே, "இந்த மருந்து நல்லாக் கேக்குது மாமா, ரெண்டே நாள்தான்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதே டியூப். அதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன். திங்கட்கிழமை கிளினிக் கெசிஹாத்தானுக்கு நானே அழைத்துப் போகிறேன், டியூப்போடு.