மறந்த சுவிட்ச் என்ன செய்யும்? போர் விமான சிமுலேட்டர் காக்பிட்கள்: ஓர் ஒப்பீடு

கணினியில் போர் விமானம் ஓட்ட வைக்கும் சிமுலேட்டர் விளையாட்டுகளை விற்பவர்கள் எல்லாரும் காக்பிட் (விமானி உட்காரும் அறை) படத்தைத்தான் முதலில் காட்டுகிறார்கள். பெயிண்ட் உரிந்த விளிம்பு, தேய்ந்த குமிழ், கண்ணாடியில் மெல்லிய கீறல். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் காசு கொடுப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சுவிட்சைப் போட மறந்தால் என்ன ஆகும்? ஒன்றுமே ஆகாதென்றால் அது சுவரில் மாட்டிய படம். அரை மணி நேரம் கழித்து எதிரி எல்லைக்குள் அந்த மறதிக்கு விலை கொடுக்க வேண்டியிருந்தால், அதைக் காக்பிட் என்று ஒப்புக்கொள்ளலாம்.

குன்னூர், வெலிங்டன், கோத்தகிரி வட்டாரத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் சிலர் இருக்கிறோம். மலைக்குக் கீழே சூலூரில் தேஜஸ் போர் விமானங்களின் தளம். மேலே வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிற்சிக் கல்லூரி. விமானப் பேச்சு காதில் விழாமல் இங்கே வளர முடியாது. புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும் ‘எதை வாங்கலாம், அண்ணா?’ என்றே ஆரம்பிக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதிலைச் சற்று விரித்து எழுதுகிறேன்.

ஒரே எஃப்-16, இரண்டு வீடுகள்

டி.சி.எஸ். வேர்ல்டு, ஃபால்கன் பி.எம்.எஸ். ஆகிய இரண்டு சிமுலேட்டர்களிலும் அமெரிக்கப் போர் விமானமான எஃப்-16 இருப்பதால் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடிகிறது.

பி.எம்.எஸ்ஸின் பிறப்பே ஒரு கதை. மைக்ரோபுரோஸ் நிறுவனம் 1998 இறுதியில் ஃபால்கன் 4.0-ஐ வெளியிட்டது. 2000-இல் அதன் மூலநிரல் வெளியே கசிந்தது. ஆர்வலர்கள் அதைக் கையில் எடுத்துத் திருத்தித் திருத்தி வளர்த்ததன் பலனே இன்றைய பி.எம்.எஸ். அது இலவசம், பழைய ஃபால்கன் 4.0-இன் முறையான பிரதி ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். டி.சி.எஸ். ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தின் வணிகத் தயாரிப்பு. 2008-இல் கே.ஏ-50 ஹெலிகாப்டர், 2011-இல் ஏ-10சி என்று, ஒவ்வொரு சுவிட்சையும் மவுஸால் சொடுக்கக்கூடிய காக்பிட்களைக் கொண்டுவந்தது. எஃப்-16 அங்கே வந்தது 2019-இல்.

குளிர்ந்து கிடக்கும் விமானத்தை உயிர்ப்பிப்பதில் இரண்டும் சமம். பேட்டரி, ஸ்டார்ட்டர், இன்ஜின் சுழற்சி 20 சதவீதம் தொட்டதும் திராட்டிலை (விசையைக் கூட்டும் பிடியை) முன்தள்ளுதல் என்று வரிசை ஒன்றேதான். திசையறி கருவி தன் நிலையைக் கணித்து முடிக்க முழு முறையில் சுமார் எட்டு நிமிடம் ஆகும். முன்பே சேமித்த திசையைக் கொண்டு சுருக்கமாகச் செய்தால் ஒன்றரை நிமிடம். பொறுமையிழந்து இடையில் விமானத்தை நகர்த்தினால் இரண்டிலுமே கணக்கு கெடும்.

ஓடுபாதையை விட்டு எழும்பிய பிறகுதான் வித்தியாசம் தெரிகிறது.

டி.சி.எஸ். எடுத்துக்கொண்டது 2007 காலத்து அமெரிக்க பிளாக் 50 ரகம் ஒன்றை மட்டும். அந்த ஒன்றைக் கண்ணுக்கு நிறைவாகச் செய்திருக்கிறார்கள். மாலை வெயில் திரைகள்மேல் விழுந்து எழுத்து மங்குவது, குறிபார்க்கும் கருவியில் தெரியும் வெப்பப் படம், தலைக்கவசத்துக்குள் தெரியும் குறி ஆகியவற்றில் அதன் பக்கத்தில் நிற்க வேறு ஆளில்லை. பி.எம்.எஸ்ஸில் எஃப்-16-இன் பல பிளாக்குகள் உண்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் காக்பிட்டும் கருவிகளும் மாறும். படத்தின் மெருகில் அது ஒரு படி கீழேதான்.

ஆனால் என் கேள்விக்கு வருவோம். எஃப்-16-இல் இடப்பக்கம் ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கிறது. வானில் மோத மட்டும் போனால் ஒரு நிலை, இறக்கைக்கடியில் கனமான குண்டு தொங்கினால் மற்றொரு நிலை. கனத்தோடு இருக்கும்போது கணினி உங்கள் திருப்பங்களை அடக்கி வைக்கும். மாற்ற மறந்தால் எச்சரிக்கை விளக்கு எரியும். விளக்கையும் கவனிக்காமல் பி.எம்.எஸ்ஸில் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள்: விமானம் கட்டுப்பாடிழந்து, மூக்கைத் தூக்கியபடி இலைபோலக் கீழே இறங்கும். அதிலிருந்து மீளக் கணினியின் பிடியை விலக்கும் இன்னொரு சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கை மேலும் கீழும் ஆட்டி, வேகம் பிறக்கும்வரை பொறுக்க வேண்டும். நிஜ எஃப்-16 விமானிகளுக்குச் சொல்லித் தரும் வழியும் அதுவே. என்றோ ஒரு நாளைக்கு என்று வைத்திருக்கும் சுவிட்சுக்குக்கூட அங்கே வேலை இருக்கிறது.

மலையில் வாழ்பவனான எனக்குப் பிடித்த இன்னொன்று, தரையைப் பின்பற்றிப் பறக்க உதவும் ரேடார். லாண்டர்ன் கருவி பொருத்திய எஃப்-16 ரகங்களில் அது உண்டு, பி.எம்.எஸ். அதைத் தந்திருக்கிறது. அதன் போர்க்களமான கொரியாவின் மலைகளுக்கிடையே இருட்டில், மேகத்துக்குள், சில நூறு அடி உயரத்தில் விமானம் தானாக ஏறி இறங்கும். பர்லியாறு தாண்டி மூடுபனியில் வளைவுகளைக் கணக்கு வைத்தே பஸ்ஸை ஏற்றும் ஓட்டுநரை நம்பி உட்கார்ந்திருக்கிறோமே, அதே நம்பிக்கைதான் இங்கும் வேண்டும். டி.சி.எஸ்ஸின் எஃப்-16-இல் இது கிடையாது. பிளாக் 50-க்கு அந்தக் கருவி வழக்கமில்லை என்பதால் அதைக் குறை சொல்வது நியாயமுமில்லை.

பெரிய வேறுபாடு காக்பிட்டுக்கு வெளியே இருக்கிறது. பி.எம்.எஸ்ஸில் போர் தானாக நடந்துகொண்டே இருக்கும். நீங்கள் தூங்கி எழுந்து வந்தாலும் விட்ட இடத்திலிருந்து அதே போர் தொடரும்; நீங்கள் இழந்த விமானம் படைப்பிரிவின் கணக்கிலிருந்து கழிந்திருக்கும். அதனால் எதிரியின் ரேடார் நம்மைத் தேடுவதைச் சொல்லும் ரேடார் எச்சரிக்கைக் கருவியில் ஒலிக்கும் ஒவ்வொரு கீச்சுக்கும் அர்த்தம் உண்டு. டி.சி.எஸ்ஸில் பெரும்பாலும் ஒருவர் கையால் அமைத்த பணிகள்தான். இரண்டாம் முறை போகும்போது ஏவுகணை எந்தக் குன்றின் பின்னால் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு எச்சரிக்கைக் கருவி எதற்கு? டி.சி.எஸ்ஸிலும் தொடர்போர் வரும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். அதுவரை ஆர்வலர்கள் எழுதிய லிபரேஷன் போன்ற கருவிகளை வைத்து ஒப்பேற்றலாம்.

எஃப்-16 ஒன்றே போதும் என்பவர்களுக்கு என் தீர்ப்பு பி.எம்.எஸ். தயக்கமே இல்லை.

மிக்-21: டி.சி.எஸ். வெல்லும் இடம்

எல்லாருக்கும் எஃப்-16 போதாது. நம் நாட்டில் மிக்-21 மேல் இருக்கும் பாசம் தனி. 1963-இல் விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். டி.சி.எஸ்ஸில் 2014 முதல் மிக்-21 பிஸ் கிடைக்கிறது. ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: இது நம்முடைய பைசன் ரகமல்ல. பைசனுக்குப் பொருத்திய புதிய கோப்யோ ரேடார் இதில் இல்லை. பழைய சோவியத் ரேடார்தான். தாழப் பறந்தால் தரையின் எதிரொலி திரை முழுக்க அப்பிக்கொள்ளும். கணினி உதவி என்று எதுவுமில்லை. பச்சையும் நீலமும் கலந்த அந்தக் காக்பிட்டில் கை நீட்டும் இடமெல்லாம் சுவிட்ச்.

விமானப்படையில் தரைப்பணித் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். ஒரு நாள் திரையைப் பார்த்தபடி நின்றவர், புறப்படுவதற்குமுன் நான் ஒரு குமிழைத் திருகி எரிபொருள் முள்ளைச் சரிசெய்வதைக் கவனித்துவிட்டார்.

“முள்ளை நீங்களேயா வைக்கிறீர்கள், தம்பி?”

“ஆமாம் சார். வைக்காவிட்டால் தப்புக் கணக்குக் காட்டும்.”

“அப்படியானால் இதைச் செய்தவன் ஒழுங்காகப் படித்துவிட்டுத்தான் செய்திருக்கிறான்” என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்த விமானத்தின் எரிபொருள் மானி டேங்கைப் பார்ப்பதே இல்லை. ஆரம்பத்தில் நீங்கள் சொன்ன அளவிலிருந்து செலவைக் கழித்துக்கொண்டே வரும். குறைவாக நிரப்பிவிட்டு முள்ளை நிறைவில் விட்டால், இன்னும் நிறைய இருக்கிறது என்று அது காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணையும். நான் கேட்கும் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எந்த சிமுலேட்டரிலும் கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், டி.சி.எஸ். பட்டியலில் தேஜஸ் கிடையாது, பாகிஸ்தானின் ஜே.எஃப்-17 முழுக் காக்பிட்டோடு 2019-இலேயே வந்துவிட்டது. மனம் ஒப்பாவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும்: அது நன்றாகச் செய்த விமானம். சுகோய் ரசிகர்களுக்கு ஃபிளேமிங் கிளிஃப்ஸ் தொகுப்பில் எஸ்.யு-27 உண்டு. அதில் சொடுக்க எதுவுமில்லை, எல்லாம் விசைப்பலகைதான். மறக்க சுவிட்சே இல்லாத காக்பிட். மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் கிடைப்பவர்களுக்கு அது போதும்.

சொடுக்க முடியாத ஐ.எல்-2

2014-இல் ஸ்டாலின்கிராட் போரோடு தொடங்கிய ஐ.எல்-2 கிரேட் பேட்டில்ஸ் வரிசையில் இரண்டாம் உலகப் போர் விமானங்கள். காக்பிட்டில் எதையும் சொடுக்க முடியாது. விளம்பரப் பட்டியலை வைத்து ஒப்பிட்டால் தோற்றுவிடும். ஆனால் சோவியத் லாக்-3-இல் ஏறினால் எரிபொருள் கலவை, விசிறிக் கோணம், தண்ணீர் ரேடியேட்டர், எண்ணெய் ரேடியேட்டர் எல்லாவற்றையும் நீங்களே தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சண்டை மும்முரத்தில் ரேடியேட்டரை மூடியே வைத்திருந்தால் இன்ஜின் கொதிக்கும். அதே வானில் எதிரே வரும் ஃபோக்கெ-வுல்ஃப் 190-இல் இவற்றுள் பெரும்பாலானவற்றை ஓர் இயந்திரக் கருவியே பார்த்துக்கொள்ளும். ஜெர்மன் விமானிக்குச் சுற்றிலும் பார்க்க நேரம் கிடைக்கிறது, உங்களுக்கு இல்லை. காக்பிட் வடிவமைப்பு ஒரு சண்டையை எப்படித் தீர்மானிக்கும் என்பதை இதைப்போல உணர்த்துவது வேறெதுவுமில்லை.

ஒரு குறை உண்டு. இன்ஜினை முழு விசையில் குறித்த நிமிடங்களுக்குமேல் ஓட்டினால் பழுதாகும் என்ற கணக்கு, முக்கியமாக அமெரிக்க பி-40 விமானத்தில், நிறுத்தக் கடிகாரம் வைத்தது போலக் கறாராக இருந்தது. மறதிக்குத் தண்டனை வேண்டும்தான். அது இயற்பியலிலிருந்து வர வேண்டும்.

வார் தண்டர் என்ற இணைய விளையாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இலவசம், உடனே ஆடலாம், நம் மிக்-21 பைசன்கூட இருக்கிறது. அதன் சிமுலேட்டர் முறையில் காக்பிட்டுக்குள்ளிருந்துதான் பார்க்க முடியும் என்றாலும், கருவிகள் பார்வைக்கே.

வி.டி.ஓ.எல். வி.ஆர். என்ற சிமுலேட்டர் இதற்கு நேர் எதிர். விமானங்கள் எல்லாம் கற்பனை. வி.ஆர். கண்ணாடி (தலையில் மாட்டும் மெய்நிகர் திரை) இல்லாமல் விளையாடவே முடியாது. ஆனால் கையை நீட்டி, சுவிட்சைப் பிடித்து, மேலே தள்ளுகிறீர்கள். காற்றிலேயே ஸ்டிக்கைப் பிடிக்கிறீர்கள். ஜாய்ஸ்டிக் செலவும் இல்லை. திருப்பத்தில் தலை பின்னோக்கியிருக்க, பார்க்காமலே கை ஆயுதச் சுவிட்சைத் தேடிப் போகும் பழக்கம், எட்டு நிமிடம் காத்துக் கிளப்பிய எந்த எஃப்-16-இலும் மவுஸை வைத்துக்கொண்டு வராது.

எவ்வளவு உழைத்தாலும் ஒரு சுவர் குறுக்கே நிற்கிறது. ரேடார் முடக்கும் கருவிகளைப் பற்றி வெளியில் கிடைக்கும் தகவல் சொற்பம். அதனால் மின்னணுப் போர் பெரும்பாலான சிமுலேட்டர்களில் ஒப்புக்கு இருப்பதுதான். 2021-இல் வார் தண்டர் ஆட்டக்காரர் ஒருவர் வாதத்தில் ஜெயிப்பதற்காகப் பிரிட்டிஷ் டாங்கியின் ரகசிய ஆவணத்தையே வெளியிட்டார். அந்த அளவுக்கு நம் ஆட்களுக்கு ஆர்வம் முற்றிப் போகிறது.

மலைக்கென்று சில சங்கதிகள்

டி.சி.எஸ்ஸின் விமானங்களையும் வரைபடங்களையும் எல்லாம் சேர்த்து இறக்கினால் பல நூறு ஜி.பி. ஆகும். ஐப்பசி மழையில் இணையம் விட்டு விட்டு வரும் ஊரில் அது வாரக்கணக்கு வேலை. கோயம்புத்தூரில் உறவினர் வீடு இருந்தால் வன்தட்டோடு போய் வருவது சுலபம். அடிப்படைத் தொகுப்போடு காகசஸ் வரைபடமும் எஸ்.யு-25டி விமானமும் இலவசம். கடையிலேயே 14 நாள் இலவச ஒத்திகை கிடைப்பதால் மிக்-21-ஐப் பார்த்துவிட்டு வாங்கலாம். முடிவடையாத விமானத்தை முன்பணம் கொடுத்து வாங்குவதில் மட்டும் எச்சரிக்கை தேவை. 2024-இல் டி.சி.எஸ்ஸுக்காக எஃப்-15இ விமானத்தைச் செய்துவந்த ரஸ்பாம் நிறுவனத்துக்கும் ஈகிள் டைனமிக்ஸுக்கும் இடையே பணத் தகராறு வெடித்து, எஃப்-15இ வளர்ச்சி பாதியில் நின்றது.

யு.பி.எஸ். இல்லாமல் திசையறி கருவியைச் சரிசெய்ய உட்காராதீர்கள். எட்டாவது நிமிடத்தில்தான் மின்சாரம் போகும். ஜாய்ஸ்டிக் வாங்கும்போது காந்த உணரி வைத்ததா என்று கேளுங்கள். தேய்ந்து இயங்கும் பழைய ரகங்கள் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே நடுங்க ஆரம்பிக்கும். திரஸ்ட்மாஸ்டர் டி.16000எம் காந்த வகை, விலையும் அடக்கம். நீங்கள் தலையைத் திருப்பும்போது திரையில் காட்சியும் திரும்பத் தனிக்கருவி வேண்டாம். சாதாரண வெப்கேமோடு ஓபன்டிராக் என்ற இலவச மென்பொருளே ஆரம்பத்துக்குப் போதும். முகத்தில் நல்ல வெளிச்சம் விழ வேண்டும், ஆகவே மூடுபனி நாட்களில் பகலிலும் மேசை விளக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.